மூன்றாம் மாடி அடைப்பு

வேலை பார்த்த ஆபீஸுக்குள்ளேயே பிற்காலத்தில் குடித்தனம் நடத்தியவன் நான். கேட்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் ஒரு கட்டடத்தை வருஷக்கணக்கில் ஆபீஸாகப் பார்த்துவிட்டு, அப்புறம் அதே சுவர்களுக்குள் சோறு பொங்கித் தின்று படுத்து எழுவது லேசான காரியம் இல்லை. என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டு உட்காரும் இடத்தில் முன்பு தபால் பிரிக்கும் மேசை இருந்தது. அவள் அங்கே உட்காரும்போதெல்லாம், தபால் கட்டோடு யாரோ வேகமாக வந்து அவள்மேல் இடறி விழப்போகிறார்கள் என்று எனக்குப் பதறும். நகர்ந்து உட்காரச் சொல்ல வாய் வரை வரும். சொல்ல மாட்டேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

கோயமுத்தூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், கடைவீதிக்குத் திரும்பும் முனையில் அந்தக் கட்டடம் இருந்தது. ஒரு பஞ்சாலையின் தலைமை ஆபீஸ். ஐந்து மாடி. வெள்ளைக்காரன் காலத்தில் அதைக் கட்டியபோது அந்தத் தெருவில் அவ்வளவு உயரம் வேறு இல்லையாம். சந்தைக்கு வந்தவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்களாம். நான் கிணத்துக்கடவுப் பக்கத்துக்காரன். தென்னந்தோப்புகளில் கூலிக்குப் போன குடும்பம். ஐந்தாவது வரை படித்தேன். மில்லில் பஞ்சுப் பொதி தூக்கினேன், முதுகு பிடித்துக்கொண்டது, லிப்டில் போட்டார்கள். என் சுபாவத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேலை அமைந்திருக்காது. ஏறுகிறவர் மாடியைச் சொல்வார், நான் கைப்பிடியைத் திருப்புவேன். நான் பேசவேண்டிய அவசியமே இல்லை.

மில் நொடித்து நின்ற பிறகு ஆபீஸும் காலியானது. புறாக்களுக்கும் எனக்கும் மட்டும் அது சில வருஷம் சொந்தமாக இருந்தது. சாவிக் கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவேன். ஆள் இல்லாத ஆபீஸில் நாற்காலிகள் எல்லாம் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி தள்ளித் தள்ளிக் கிடக்கும். அவற்றை நேராக இழுத்துப் போட்டுவிட்டு வருவேன். யார் கேட்கப்போகிறார்கள்? இருந்தாலும் போட்டுவிட்டு வருவேன்.

பிறகு முதலாளி வீட்டுப் பேரன்கள் உட்கார்ந்து பேசினார்கள். வீட்டுக்குள் தெலுங்கு பேசும் பழைய குடும்பம். பேரன்களில் ஒருவர் வெளிநாட்டில் எங்கோ பார்த்தாராம், பழைய ஆபீஸ் கட்டடத்தை வீடுகளாக மாற்றி, வசதி உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதை. இங்கேயும் அப்படிச் செய்யலாம் என்றார். தெருவைப் பார்த்த முன்பக்கத்தில் பெரிய வீடுகள், விலைக்கு. பின்பக்கத்தில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள சின்ன வீடுகள், மில்லை நம்பி இருந்த பழைய ஆட்களுக்கு. மில் தொழிற்சங்கத்தோடு பேசி முடித்த கணக்கில் அதுவும் ஒன்று. லாரி லாரியாக மதுக்கரை சிமெண்டு வந்தது. கூடங்களை ஹாலோ பிளாக் வைத்துத் தடுத்தார்கள். மரத் தடுப்புகளைப் பிடுங்கியபோது காகிதம் மட்கிய தூசி மூக்கில் ஏறி, கொத்தனார்கள் எல்லாம் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். கடிகாரம் தொங்கிய இடம், சாமி படம் தொங்கிய இடம் எல்லாம் சுவரில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. வெள்ளையடித்த பிறகும் எனக்குத் தெரிந்தன. நாலாவது மாடியில் பெரிய முதலாளி உட்கார்ந்த அறை ஒரு வீட்டின் குளியலறை ஆயிற்று. குழாய் ரிப்பேர் என்று என்னை ஒருநாள் அங்கே கூப்பிட்டார்கள். என்னை அறியாமல் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே போகலாமா என்று கேட்கிறவன்போல் கதவுப் பக்கம் நின்றேன். அந்த வீட்டுக்காரம்மா சிரித்தார்.

லிப்ட் அதே பழைய லிப்ட்தான். மடங்குகிற கம்பிக் கதவும் தேக்குப் பலகையும் அப்படியே இருந்தன. கைப்பிடியை மட்டும் எடுத்துவிட்டு, அழுத்தினால் போகிற பொத்தான்களை வைத்தார்கள். ஆகவே லிப்டுக்கு ஆள் வேண்டாம் என்று ஆயிற்று. எனக்குக் கீழே பின்படி ஓரம் ஒரு வீடும், வாட்ச்மேன் வேலையும், தண்ணீர் மோட்டார் போடும் வேலையும் கொடுத்தார்கள். லிப்ட் செலவை முன்பக்கத்தார் பார்த்துக்கொண்டதால் பின்பக்கத்தார் படியில்தான் போகவேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் ஏறக்கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பழைய லிப்டுங்க, பாரம் தாங்காதுங்க, நீங்க மெதுவாப் படியிலேயே வந்துருங்க என்றார்கள். அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு படி ஏறுகிறவனைப் பார்த்தும் அதே மரியாதையோடு சொன்னார்கள்.

பின்பக்க வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாவது மாடி, கணக்குப் பிரிவு இருந்த இடம், பெரிய கணக்கர் ஐயாவின் சம்சாரத்துக்கு விழுந்தது. ஐயா ஆபீஸ் நடந்த காலத்திலேயே அங்கே, தன் மேசையில் தலை சாய்ந்து போனவர். அது எல்லாருக்கும் தெரியும். சீட்டைப் பிரித்துப் படித்ததும் வேறு இரண்டு பேர், மாற்றிக்கொள்ளலாமுங்க என்று முன்வந்தார்கள். அந்தம்மா வேண்டாம் என்றுவிட்டார். அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "காலையில போனார்னா பொழுதோடதான் வருவாரு. பகல்ல அவரு எப்படி இருப்பாருன்னு நான் பார்த்ததே இல்லீங்க. அந்த எடத்துல இருந்துட்டுப் போறனுங்க."

அவரும் மகளும் குடிவந்தார்கள். மகள் பக்கத்துத் தெருவில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குப் போனாள். அந்தம்மா தையல் தைத்தார். தரையில் மேசைக் கால்கள் அழுந்திய தழும்பு நாலும் அப்படியே இருந்தன. ஜன்னல் வெளிச்சம் விழும் இடமும் அதுதான். அங்கேயே தையல் மிஷினைப் போட்டுக்கொண்டார்.

நான் மூன்றாம் மாடிக்குக் காரணம் இல்லாமல் போவதில்லை. போனாலும் அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது நடை வேகமாகும். உள்ளே மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். எனக்கு அது டைப் அடிக்கும் சத்தமாகத்தான் கேட்கும்.

குடிவந்து ஒரு மழைக்காலம் முடிந்ததும் லிப்ட் ஒரு பழக்கத்தைப் பிடித்தது. எந்த மாடிக்கு அழுத்தினாலும் சில நாள் மூன்றாம் மாடியில் போய் நின்றுவிடும். யாரும் அழுத்தாமல் கீழே சும்மா நிற்கும்போதே தானாகக் கிளம்பி மூன்றாம் மாடிக்குப் போய் நிற்பதும் உண்டு. மெக்கானிக் வந்து பார்த்தார். பழைய ஒயர் பழைய சுவருக்குள் இருக்கிறது, ஈரம் இறங்கியிருக்கும், சுவரை உடைத்தால்தான் தெரியும் என்று சொல்லி, எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். என் மனைவிக்கு மெக்கானிக் சொன்னது பிடிக்கவில்லை. "உசுரோட இருந்தப்பவே ஒரு நாள் லீவு போடாத மனுசன். செத்தும் டூட்டிக்கு வாராரு போல" என்றாள். அவளுக்கு அது விளையாட்டு. நான் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் உண்டு. ஐயாவைக் கீழே கொண்டுவந்தவன் நான்.

ஐயாவுக்கு லிப்ட் என்றால் பயம். ரொம்ப வருஷம் படியில்தான் ஏறுவார். நெஞ்சு வலி வந்த பிறகு டாக்டர் படி ஏறக்கூடாது என்றதால் வேறு வழியில்லாமல் லிப்டுக்கு வந்தார். ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொள்வார். மூன்றாம் மாடி வந்து நான் கதவை இழுத்ததும் கண்ணைத் திறந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடுவார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

அன்றைக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பியூன் ஓடிவந்து கூப்பிட்டார். ஐயா மேசையில் தலை கவிழ்ந்து இருந்தார். நானும் பியூனும் அவரை நாற்காலியோடு தூக்கி வந்து லிப்டில் வைத்தோம். நாற்காலியை வைத்ததும் இன்னொரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. பியூன் டாக்ஸி பிடிக்கப் படியில் ஓடினார். நான் ஒரு கையால் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டு மறு கையால் ஐயாவை அணைத்துப் பிடித்திருந்தேன். அவர் தலை என் முழங்கையில் சாய்ந்திருந்தது. மூன்றாவது மாடிக்கும் தரைக்கும் நடுவில் எங்கோ என் மணிக்கட்டில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. மூச்சு என்று நினைத்தேன். லிப்டில் தலைக்கு மேலே ஒரு சின்ன மின்விசிறி உண்டு. அதன் காற்றாகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் டாக்டர், உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார். ஆபீஸில் எல்லாரும் மேசையிலேயே போய்விட்டார் என்று சொன்னார்கள். நல்ல சாவு என்றார்கள். மறுநாள் மேசையைத் துடைத்து வேறொருவரை உட்காரவைத்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எதைச் சொல்வது? காற்றா மூச்சா என்று எனக்கே தெரியாது.

இப்போது லிப்ட் மூன்றாம் மாடியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணிக்கட்டுதான் ஞாபகம் வரும்.

நாலாவது மாடி முன்பக்கத்தில் ஒரு நூல் வியாபாரி இருந்தார். குடியிருப்பவர்கள் சேர்ந்து வைத்த சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். நல்ல மனுஷர். தீபாவளிக்குப் பின்பக்கத்தாருக்கும் பலகாரம் அனுப்புவார். அவர் மகளைப் பெண் பார்க்கக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வயலும் வாழைத்தோட்டமும் உள்ள பெரிய இடம். நான்தான் கதவைத் திறந்து, தாம்பாளத் தட்டுகளோடு அவர்களை லிப்டில் ஏற்றிவிட்டு, நாலு என்று போட்ட பொத்தானை அழுத்தினேன். லிப்ட் மூன்றில் போய் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டோம் என்று நினைத்து கம்பிக் கதவை இழுத்திருக்கிறார். எதிரே அந்தம்மா நின்றிருந்தார். வெறும் நெற்றியோடு, கையில் துணி வெட்டும் கத்தரிக்கோலோடு. கீழே கடையில் கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வரப் படிக்குப் போய்க்கொண்டிருந்தவர் லிப்ட் சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான். வந்தவர்கள் மேலே போய்ப் பலகாரம் சாப்பிட்டார்கள், நன்றாகத்தான் பேசினார்கள். மறுவாரம், ஜாதகம் சரியாக வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நூல் வியாபாரி ஜோசியரிடம் போனார். அந்த வீட்டில் யாராவது செத்தார்களா, என்றைக்கு என்று ஜோசியர் கேட்டாராம். ஐயா இறந்த தேதியைச் சொன்னதும் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அவிட்டம் என்றாராம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கெட்ட நட்சத்திரத்தில் ஒருவர் செத்தால், உயிர் பிரிந்த அறையை மாசக்கணக்கில் அடைத்து வைப்பார்கள். வாசலில் முள் வெட்டிப் போடுவதும் உண்டு. யாரும் புழங்கக்கூடாது. அவிட்டம் என்றால் ஆறு மாசம். அடைக்காமல் விட்டால் அந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஆகாது என்பார்கள். ஆபீஸில் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆபீஸுக்கு ஏது அடைப்பு? திங்கட்கிழமை கதவைத் திறந்தாகவேண்டும். ஆனால் ஜோசியர் சொன்னாராம், ஆபீஸாக இருந்தவரை சரி, இப்போது அடுப்பு எரிகிற வீடாகிவிட்டது, அடைக்காமல் விட்ட அடைப்பு அப்படியே நிற்கிறது என்று.

செய்தி கட்டடம் முழுவதும் பரவியது. பின்பக்கத்தில் எல்லாரும் தங்கள் வீட்டைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த வீடுகளுக்கு இன்னும் பத்திரம் ஆகவில்லை. பேரன்களுக்குள் கையெழுத்துத் தகராறு. குடியிருப்பது ஒன்றுதான் எங்களுக்குப் பத்திரம். ஆறு மாசம் பூட்டிய வீட்டை மறுபடி யார் திறந்துவிடப்போகிறார்கள்? அந்தம்மாவுக்குத் தம்பி வீடு ஒன்று இருந்தது. ஆனால் அங்கே போனால் மகளின் வேலை போய்விடும். வீடு போனால் மகள் கல்யாணமும் கஷ்டம்தான். என் மனைவி அவருக்காகக் கொதித்துக்கொண்டிருந்தாள். அவிட்டத்துல பொறந்தா தவிட்டுப் பானையெல்லாம் பொன்னுங்கறாங்க, செத்தா மட்டும் ஊட்டைப் பூட்டோணுமா என்று எல்லாரிடமும் கேட்டாள். என்னிடம் மட்டும் வேறு மாதிரி கேட்டாள். "நீங்கதான அவரைக் கீழ கொண்டாந்தீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லலாமில்ல. வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்க்கூடத்தில் சங்கக் கூட்டம். நான் நாற்காலிகளைப் போட்டேன். முன்பக்கத்தார் உட்கார்ந்தார்கள், பின்பக்கத்தார் படிக்கட்டுப் பக்கமாக நின்றார்கள். அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. இத்தனை மரியாதை கொடுத்தால் கேட்கப்போவதும் பெரிதாகத்தான் இருக்கும்.

நூல் வியாபாரி ரொம்ப நேரம் சுற்றி வளைத்துப் பேசினார். ஐயாவைப் பற்றி உயர்வாகச் சொன்னார். தம் மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துப் பாதியிலேயே விட்டுவிட்டார். நடிப்பு இல்லை அது. பிறகு அந்தம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"உங்களை நாங்க போகச் சொல்லலீங்கம்மணி. ஊட்டைத்தான் அடைக்கச் சொல்றமுங்க."

அந்தம்மா, நான் எங்கீங்க போவேன் என்று மட்டும் கேட்டார். அதற்கு ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள். தம்பி வீடு, சத்திரம், யாராவது ஒறம்பரை வீடு என்று. சாவி சங்கத்தில் பத்திரமாக இருக்கும் என்றார்கள். மகள் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். நூல் வியாபாரி முடிவாகச் சொன்னார், வழக்கம்னு ஒண்ணு இருக்குதுங்க, உசுரு பிரிஞ்ச எடத்தை அடைக்கோணும், ஐயா மேசை இருந்த எடம் இப்ப அந்த ஊட்டுக்குள்ளதான இருக்குது என்று.

"அங்க பிரியலீங்க."

சொன்னது நான்தான் என்பது எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டம்ளரில் டீ வழிந்து கையில் கொட்டியது. நூல் வியாபாரி, என்னங்க சொல்றீங்க, நல்லாச் சொல்லுங்க என்றார். இருந்த இடத்திலேயே மறைந்து போய்விட மாட்டோமா என்று இருந்தது. அந்தம்மா என்னைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்து நான் சொல்லவில்லை. டீ கேனைப் பார்த்துச் சொன்னேன்.

"லிப்டுல வர்றப்ப உசுரு இருந்துச்சுங்க. என்ற கையில மூச்சு பட்டுதுங்க. கீழ வர்றதுக்குள்ள நின்னுபோச்சுங்க."

டாக்டர் வேறு மாதிரி சொன்னாரே என்று யாரோ கேட்டார்கள். டாக்டர் கட்டடத்துக்கே வரலையே என்று என் மனைவி படிக்கட்டுப் பக்கமிருந்து சொன்னாள். ஐயாவைப் பிடிச்சிருந்தது எங்க ஊட்டுக்காரரு, அவருக்குத் தெரியாம டாக்டருக்கா தெரியும் என்றாள்.  

அந்தம்மா முந்தானையைத் தோளில் சரிசெய்துகொண்டார். குரலை உயர்த்தாமல், மரியாதை குறையாமல் கேட்டார்.

"அப்படீன்னா அடைக்க வேண்டியது லிப்டைத்தானுங்களே?"

ஐந்தாவது மாடியில் முட்டி வலியோடு ஒரு பெரியம்மா இருந்தார். ஆறு மாசமா என்று அவர் கேட்டுவிட்டு மேலே கூரையைப் பார்த்தார், ஐந்து மாடியையும் அங்கேயே எண்ணிவிட்டவர்போல. பின்பக்கத்தில் யாரோ இருமினார்கள். அது சிரிப்பை அடக்கிய இருமல் என்று எல்லாருக்கும் தெரியும். நூல் வியாபாரி, ஜோசியரை மறுபடி ஒருதரம் கேட்டுப்போடலாமுங்க என்று எழுந்தார்.

ஜோசியர் ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். நிற்கிற இடத்துக்குத்தான் அடைப்பு, ஓடுகிற வாகனத்துக்கு அடைப்பு இல்லை என்றாராம். லிப்டுக்கு ஒரு பூசை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டினார்கள். அந்தம்மாவை அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பேரன்களின் தகராறும் தீர்ந்து, அடுத்த வருஷம் பின்பக்க வீடுகள் எல்லாவற்றுக்கும் பத்திரம் ஆனது. அவருடையதும் ஆனது. நூல் வியாபாரி மகளுக்கும் பொள்ளாச்சியில் நல்ல இடம் அமைந்தது.

ஆனால் நான் சொன்ன சொல் கட்டடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தார் தனியாக லிப்டில் ஏறுவதை விட்டுவிட்டார்கள். அது இன்னமும் நினைத்தபோது மூன்றாம் மாடியில் நின்றது. முதலில் அந்த முட்டி வலிப் பெரியம்மா, கொஞ்சம் கூட வாங்களேன் என்று கூப்பிட்டார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போகச் சொன்னார்கள். அப்புறம் எல்லாரும் கூப்பிட்டார்கள். நூல் வியாபாரியே ஒரு ஸ்டூல் வாங்கி லிப்டுக்குள் போட்டார். நான் உள்ளே இருந்தால் பின்பக்கத்தார் அரிசி மூட்டையோடு ஏறினாலும் யாரும் பாரத்தைப் பற்றிப் பேசவில்லை. கூட ஆள் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. கைப்பிடிக்குப் பதில் பொத்தான், மற்றபடி பழைய வேலைதான். என் மனைவி, ஒரே ஒரு வாக்கியம் பேசி வேலையைத் திருப்பி வாங்கிட்டீங்க என்று கேலி செய்தாள்.

லிப்டில் ஏறாதவர் அந்தம்மா ஒருவர்தான். படியில்தான் வருவார், போவார். என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஒருநாள் காலை பதினொரு மணிவாக்கில், கட்டடம் ஓய்ந்திருந்த நேரம். லிப்ட் என்னையும் ஏற்றிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போய் நின்றது. யாரும் அழுத்தியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக் கதவை இழுத்தேன். அந்தம்மா நின்றிருந்தார். இந்தத் தடவை அவர்தான் அழுத்தியிருந்தார். தைத்துக்கொண்டிருந்த வேலையை அப்படியே விட்டு வந்திருப்பார் போல. விரல் முழுக்க, துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டித் தூள்.

உள்ளே வந்து மூலையில் நின்றார். நான் கதவைச் சாத்தித் தரைக்கு அழுத்தினேன். லிப்ட் இறங்கத் தொடங்கியதும் கேட்டார்.

"எந்த எடத்துலீங்க?"

 எந்த இடம் என்று எனக்கு எப்படித் தெரியும்? இடம் என்று ஒன்று இருந்ததா என்பதே தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டாம் மாடி மேலே போய், மாடிக்கும் மாடிக்கும் நடுவிலுள்ள காரை பூசிய சுவர் வந்தது. நான் கதவைக் கொஞ்சம் இழுத்தேன். கதவு திறந்தால் லிப்ட் அப்படியே நின்றுவிடும். நின்றது.

"இங்கதானுங்க" என்றேன்.

அவர் அந்தச் சுவரைப் பார்த்தார். ஒன்றும் இல்லாத சுவர். காரை வெடித்து, ஒட்டடை படிந்த சுவர். கதவு இடைவெளியில் கையை விட்டு அதைத் தொட்டார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

"ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"இல்லீங்க." அதுவாவது நிஜம்.

"ஆனா தனியாப் போகலீங்கள்ல?"

"இல்லீங்கம்மா. நான் புடிச்சிருந்தனுங்க."

அதுவும் நிஜம்தான். பிடித்துத்தான் இருந்தேன். அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, கண் கலங்கவும் இல்லை. கையை உள்ளே இழுத்துக்கொண்டு, போலாமுங்க என்றார். கீழே இறங்கியதும் கடைப்பக்கம் போகாமல், திரும்பப் படியேறி மேலே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மிஷின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

சுவரில் அவர் விரல்களின் நீலம் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி மேலே போகும்போதுதான் பார்த்தேன். நாலு விரல் அளவுக்கு, லேசாகக் கீழே இழுத்த மாதிரி. லிப்ட் கிணற்றுக்குள் யார் வந்து வெள்ளையடிக்கப்போகிறார்கள்? அது அப்படியே இருந்தது.

அந்தக் கட்டடத்தில் இருந்தவரை ஒரு நாளில் எத்தனையோ தடவை அந்த நீலம் என் கண் முன்னால் ஏறியது, இறங்கியது. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அது ஏதோ அழுக்கு. நான் கூட்டத்தில் சொன்னது நிஜமா என்று முன்பெல்லாம் அந்த இடம் வரும்போது என்னை நானே கேட்டுக்கொள்வேன். விசிறிக் காற்றை நினைத்துப் பார்ப்பேன், மூச்சை நினைத்துப் பார்ப்பேன், இரண்டையும் பிரிக்கப் பார்ப்பேன். போகப் போக விசிறி ஞாபகத்துக்கு வருவது நின்றுவிட்டது. இப்போது நினைத்தால் ஐயா என் கையில் சாய்ந்து மூச்சு விடுகிறார். இரண்டாம் மாடி தாண்டியதும், அந்தச் சுவருக்கு நேராக, அந்த மூச்சு நிற்கிறது.